மொழி மாறும், கணக்கு நிற்கும்

கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் சிலவற்றின் பின்கோடுகளைப் பார்த்தேன்: 600053, 600054, 600056, 600058. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் எஸ்டேட். பட்டறை முதலாளி, கல்லூரி மாணவி, மெஸ் நடத்துபவர், மண்டப மேலாளர் என்று ஆட்கள் வேறு வேறு, கேள்வி ஒன்றுதான். வெப்சைட்டுக்குப் பின்னால் ஓடும் சர்வருக்கு எந்த மொழி, எந்த டேட்டாபேஸ்? வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

கே: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். ஆர்டர், டெலிவரி செலான், ஜாப் ஒர்க் கணக்கு எல்லாம் நோட்டில் இருக்கிறது. வெப்புக்கு மாற்றலாம் என்றால் ஒருவர் பி.ஹெச்.பி. என்கிறார், இன்னொருவர் நோட்.ஜேஎஸ், மூன்றாமவர் பைத்தான். யாரை நம்ப?
– பட்டறை உரிமையாளர், அம்பத்தூர் எஸ்டேட்

ப: மூவரிடமும் இதை மட்டும் கேளுங்கள்: “நாளைக்கு நீங்கள் துபாய்க்குப் போய்விட்டால் இதை யார் பார்ப்பார்கள்?” பாடியிலிருந்து பட்டாபிராமுக்குள் இன்னொரு ஆளைக் காட்டுபவரிடம் வேலையைக் கொடுங்கள். உங்கள் பட்டறையில் ஒரு நாளில் பதிவாகும் செலான் சில நூறைத் தாண்டாது. அந்தச் சுமையை மூன்று மொழிகளும் சுலபமாகத் தாங்கும்.

அதற்கும் முன்னால் இஆர்பி நெக்ஸ்ட் என்ற மென்பொருளை ஒருமுறை பாருங்கள். மும்பையில் ருஷப் மேத்தா தன் குடும்பத்தின் ஃபர்னிச்சர் தொழிலுக்குச் சரியான மென்பொருள் அமையாமல், தானே எழுதத் தொடங்கியது அது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் மேலே, மரியாடிபி என்ற டேட்டாபேஸ் கீழே. கோடு திறந்தே கிடக்கிறது. லைசென்ஸுக்குக் காசு இல்லை. மெட்டீரியலை வெளியே ஜாப் ஒர்க்குக்கு அனுப்பித் திரும்பப் பெறும் கணக்கும் அதில் உண்டு. கடையில் நட்டும் போல்ட்டும் கிடைக்கும்போது நீங்கள் உட்கார்ந்து கடைவதில்லையே. மென்பொருளிலும் அப்படித்தான்.

கே: மொழி, டேட்டாபேஸ் இரண்டில் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?
– கொரட்டூர் வாசகர்

ப: டேட்டாபேஸை. பட்டறையில் மெஷினை விற்றுவிட்டு வேறு மெஷின் வாங்கலாம். பத்து வருட ஜாப் டிராயிங் தொலைந்தால் தொழிலே தொலைந்தது. சர்வர் மொழி மெஷின். டேட்டாபேஸில் இருப்பது டிராயிங்.

கே: என் மெஸ்ஸில் மாதக் கணக்குக்காரர்கள் 40 பேர். எந்த டேட்டாபேஸ் நல்லது?
– ஆவடி

ப: எதுவும் வேண்டாம். 40 பேருக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். 400 பேரும் மூன்று கிளைகளும் ஆனதும் எழுதுங்கள், பதில் தயாராக இருக்கும். அந்தப் பணத்தில் இப்போதைக்கு ஒரு கிரைண்டர் வாங்கலாம்.

கே: கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வேலை கிடைக்க எந்த மொழி படிக்க வேண்டும்? தோழிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– மாணவி, பூந்தமல்லி

ப: ஏதாவது ஒரு மொழியை ஆழமாகப் படியுங்கள் தங்கையே. கூடவே எஸ்.க்யூ.எல். படியுங்கள். முதலாவதில் உங்களுக்குத் தேர்வு உண்டு, இரண்டாவதில் கிடையாது.

காரணம் இதுதான். 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாகவும் அவற்றுக்கிடையிலான உறவுகளாகவும் வைக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1974-ல் அங்கேயே டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்தத் தகவல்களைக் கேட்டுப் பெற ஒரு மொழியை முன்வைத்தார்கள். அதுதான் இன்றைய எஸ்.க்யூ.எல். அரை நூற்றாண்டில் எத்தனையோ மொழிகள் வந்தன, போயின, இது அசையவில்லை. ஜாவா படித்தாலும் பைத்தான் படித்தாலும், இண்டர்வியூவில் இரண்டு டேபிளைச் சேர்த்து ஒரு குவெரி எழுதச் சொல்வார்கள்.

சென்னையின் சர்வீஸ் கம்பெனிகளையும் வங்கி வேலைகளையும் குறி வைத்தால் ஜாவா. தரவு ஆய்வுப் பக்கம் போக ஆசையென்றால் பைத்தான். எதுவானாலும் சர்டிஃபிகேட் சேர்ப்பதைவிட, உங்கள் தெரு மெடிக்கல் ஷாப்புக்கு ஸ்டாக் கணக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள். காலாவதித் தேதி தவறாகக் காட்டினால் கடைக்காரர் உடனே சொல்லிவிடுவார். அப்படி ஒரு ஆசிரியர் வகுப்பறையில் கிடைக்க மாட்டார்.

கே: ஜாங்கோ, மாங்கோ இரண்டும் ஒன்றா?
– திருமுல்லைவாயில்

ப: எதுகை மட்டும்தான் ஒன்று. ஜாங்கோ, பைத்தானில் வெப்சைட் கட்டுவதற்கான சட்டகம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்துச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் பிறந்து 2005-ல் வெளியே வந்தது. மாங்கோ டிபி 2009-ல் வந்த டேட்டாபேஸ்.

கே: பி.ஹெச்.பி. செத்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கவலையாக இருக்கிறது.
– ஃப்ரீலான்சர், முகப்பேர்

ப: தமிழ் விக்கிப்பீடியாவைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? 2003-லிருந்து நடக்கும் அந்தக் களஞ்சியம் ஓடுவது பி.ஹெச்.பி.யில்தான். வேர்ட்பிரஸ் ஓடுவதும் அதே மொழியில்தான். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் வெளியிட்ட மொழியை நினைத்துக்கொண்டு இன்றைய மொழியை எடைபோடுகிறார்கள். 2015-ல் வந்த ஏழாம் பதிப்பு வேகத்தில் ஒரு பெரிய பாய்ச்சல். 2020-ல் எட்டாம் பதிப்பு வந்தது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு: 2008-ல் கற்ற பி.ஹெச்.பி.யை இன்றும் எழுதுகிறீர்களா? அப்படியானால் ஒரு மாதம் ஒதுக்கி லாராவெல் என்ற பி.ஹெச்.பி. சட்டகத்தைப் படியுங்கள். மொழியை மாற்ற வேண்டாம், பழக்கத்தை மாற்றுங்கள்.

கே: நோட்.ஜேஎஸ் எடுத்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மொழி. அது லாபம்தானே?
– அயப்பாக்கம்

ப: லாபம்தான். இரண்டு பேர் மட்டும் உள்ள குழுவுக்குப் பெரிய லாபம். ஆனால் அதன் இயல்பைத் தெரிந்துகொண்டு எடுங்கள். ஆவடி ஸ்டேஷன் வாசல் டீக்கடையைப் பாருங்கள். மாஸ்டர் ஒருவர்தான். பால் கொதிக்கும்வரை அவர் சும்மா நிற்பதில்லை. அடுத்தவர் ஆர்டரை வாங்குகிறார், கிளாஸ் கழுவுகிறார், சில்லறை கொடுக்கிறார். ரயன் டால் 2009-ல் உருவாக்கிய நோட்.ஜேஎஸ் அந்த மாஸ்டர் மாதிரி. டேட்டாபேஸ் பதிலுக்கோ வெளி சர்வர் பதிலுக்கோ காத்திருக்கும் வேலை நிறைய என்றால், ஆயிரம் பேரை ஒரே ஆள் சமாளிப்பார்.

அதே மாஸ்டரை உட்கார வைத்து ஒரு மூட்டை மாவு பிசையச் சொன்னால் கியூ நின்றுவிடும். பெரிய படங்களைச் சுருக்குவது, ஆயிரம் பக்க அறிக்கை தயாரிப்பது போன்ற கனமான கணக்குகளை அந்த ஒற்றை மாஸ்டரிடம் கொடுக்காதீர்கள். தனி வேலையாளிடம் ஒதுக்குங்கள்.

கே: செல் நம்பர் என்பது எண்தானே? எண்ணாகத்தானே சேமிக்க வேண்டும்?
– பட்டரவாக்கம்

ப: இரண்டு பேர் செல் நம்பரைக் கூட்டிப் பார்க்கப் போகிறீர்களா? இல்லையென்றால் எழுத்தாகச் சேமியுங்கள். 044-ல் தொடங்கும் லேண்ட்லைனை எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் விழுந்துவிடும். ‘+91’ போட இடமே இருக்காது. பின்கோடு, ஆதார் எண், பில் எண் எல்லாவற்றுக்கும் இதே விதி.

கே: வாடிக்கையாளர் பெயரையும் ஊரையும் தமிழில் அடித்தால், திரும்ப எடுக்கும்போது வெறும் கேள்விக்குறிகளாக வருகின்றன. தமிழுக்கு ஏற்ற டேட்டாபேஸ் எது?
– ஸ்டேஷனரி மொத்த வியாபாரி, பூந்தமல்லி

ப: தவறு டேட்டாபேஸின் பெயரில் இல்லை, அதை அமைத்த விதத்தில் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் எட்டாம் பதிப்பு 2018-ல் வரும்வரை, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது லத்தீன் எழுத்துகளுக்கான பட்டியலைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் ‘அ’வும் இல்லை, ‘ம’வும் இல்லை. தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிடும்.

யூனிகோடு, யூடிஎஃப்-8 என்று அமைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ‘யூடிஎஃப்-8’ என்ற பெயரில் இருப்பது மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துக் குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் தமிழ் நுழைந்துவிடும். வாடிக்கையாளர் ஒரு ஸ்மைலியைச் சேர்த்தால் அது நான்கு பைட், அங்கே உடையும். ஆகவே ‘எம்பி4’ என்று முடியும் நான்கு பைட் வகையைத் தேர்ந்தெடுங்கள். டேட்டாபேஸ், டேபிள், கனெக்‌ஷன் மூன்றிலும் அதே அமைப்பு இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு மென்பொருளில் டேட்டாபேஸை உருவாக்கும்போதே யூடிஎஃப்-8 என்று குறித்துவிட்டால் இந்தச் சுழலே இல்லை.

நீள அளவிலும் கவனம் தேவை. ‘அம்பத்தூர்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது அகரம், மகரம், புள்ளி என்று தனித்தனியாகப் பத்து குறிகள். பைட் கணக்கில் 30. எழுத்தை எண்ணி இடம் ஒதுக்கினால் பெயர் பாதியில் அறுபடும், அல்லது பதிவே நிராகரிக்கப்படும். தாராளமாக இடம் விடுங்கள்.

ஏற்கெனவே கேள்விக்குறியாகிப் பதிவான பெயர்கள் திரும்ப வராது. பழைய பில் புத்தகத்தை எடுத்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். அதனால்தான் மென்பொருளில் முதல் நாள் முதல் பதிவை ஒரு தமிழ்ப் பெயரால் தொடங்கச் சொல்கிறேன்.

கே: கல்யாண மண்டப புக்கிங் வைத்திருக்கிறோம். ‘ஸ்ரீ’ என்று தேடினால் பாதிப் பெயர்கள் வருகின்றன, பாதி வருவதில்லை. மெஷினில் கோளாறா?
– மண்டப மேலாளர், திருவேற்காடு

ப: மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக அடிக்க முடியும். ‘ஸ’ கொண்டு அடிப்பது ஒன்று. 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ கொண்டு அடிப்பது மற்றொன்று. பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒரே வடிவம். உள்ளே குறி வேறு. ஒரு செல்போன் கீபோர்டு ஒன்றைப் போடும், ஆபீஸ் கம்ப்யூட்டர் மற்றதைப் போடும். டேட்டாபேஸ் இரண்டையும் வேறு வேறு ஆளாகவே பார்க்கும்.

‘கொ’ என்ற எழுத்தும் அப்படித்தான். ஒற்றைக் குறியாக ‘ொ’ வரலாம்; கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். இரண்டாவதை யூனிகோடின் இயல்பாக்க முறை, அதாவது நார்மலைசேஷன், ஒன்றாக்கிவிடும். எல்லா மொழிகளிலும் அதற்கு ஒரு வரிக் கட்டளை உண்டு. ‘ஸ்ரீ’யை அது தொடாது, அதற்குத் தனியாக ஒரு மாற்று விதி எழுதச் சொல்லுங்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டும் ஓட வேண்டும்.

அகர வரிசை இன்னொரு கண்ணி. யூனிகோடில் குறிகள் ய, ர, ற, ல, ள, ழ, வ என்று அடுக்கப்பட்டுள்ளன. நம் வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. வெறும் குறி எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் தமிழ்ப் பட்டியல் தமிழாக இருக்காது. போஸ்ட்கிரெஸ் 2017-ன் பத்தாம் பதிப்பிலிருந்து மொழிவாரி வரிசை விதிகளுக்கு ஐ.சி.யூ. நூலகத்தைப் பயன்படுத்த விடுகிறது. தமிழ் வரிசை அதில் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள்.

கே: எங்கள் கம்பெனி ஃபார்மில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம். ஊழியர்கள் புள்ளி வைக்கிறார்கள், அப்பா பெயர் போடுகிறார்கள், சொந்தப் பெயரையே இரண்டு முறை போடுகிறார்கள். என்ன செய்ய?
– மனிதவளப் பிரிவு, ஆவடி

ப: அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். குடும்பப் பெயர் இல்லாமல் முதலெழுத்தோடு வாழும் சமூகம் நம்முடையது. ‘முழுப் பெயர்’ என்று ஒரு கட்டம், ‘முதலெழுத்து’ என்று விருப்பக் கட்டம் ஒன்று, இது போதும். டேபிளை அமைப்பவர் நம் ஊர்க்காரர்தானே? நம் அப்பா அம்மா பெயர் நுழையாத கட்டத்தை நாமே கட்டுவது என்னால் ஏற்க முடியாத விஷயம்.

கே: ஜி.எஸ்.டி. பில்லில் ஒரு பைசா இடிக்கிறது. ஆடிட்டர் திட்டுகிறார். மொழியை மாற்றினால் சரியாகுமா?
– உதிரிபாக வியாபாரி, பாடி

ப: ஆகாது. எந்த மொழியிலும் தசமத்தை மிதவை எண்ணாக, அதாவது ஃப்ளோட்டாக வைத்தால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டியதும் 0.30000000000000004 என்று வரும். பணத்தை டெசிமல் வகையில் வையுங்கள், அல்லது பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள்.

அடுத்தது, எங்கே முழுமையாக்குகிறீர்கள் என்பது. 100 ரூபாய் 50 காசுக்கு 18 சதவீதம் 18.09. அதையே மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்தால் ஒவ்வொன்றும் 9.045, தனித்தனியாக 9.05 என்று முழுமையாக்கினால் மொத்தம் 18.10. உங்கள் ஒரு பைசா இதோ இருக்கிறது. எந்த இடத்தில் முழுமையாக்குவது என்று ஆடிட்டரிடம் கேட்டு, அதை ஒரே ஃபங்ஷனில் எழுதி, எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். பில் எண்ணும் நினைவிருக்கட்டும்: 16 குறிகளுக்கு மிகாமல், நிதியாண்டுக்குள் மறுபடி வராமல், தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

கே: மாங்கோ டிபியா, போஸ்ட்கிரெஸா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– டெவலப்பர், வானகரம்

ப: போஸ்ட்கிரெஸ்.

கே: (அவரே தொடர்கிறார்) ஏன்?

ப: வாடிக்கையாளர், ஆர்டர், பொருள், பணம். ஒரு தொழிலின் தகவல் பெரும்பாலும் இந்த நான்கும் ஒன்றோடொன்று பிணைந்ததுதான். பிணைப்பைக் காவல் காப்பதற்கென்றே பிறந்தவை உறவுமுறை டேட்டாபேஸ்கள். இல்லாத வாடிக்கையாளர் பெயரில் ஆர்டர் போட முயன்றால் அவை வாசலிலேயே நிறுத்தும். பணம் ஒரு கணக்கில் குறைந்து மறுகணக்கில் ஏறாமல் போகும் நிலையை அவை அனுமதிக்காது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலையின் வாரிசு போஸ்ட்கிரெஸ். இத்தனை ஆண்டுகளின் உழைப்பு இலவசமாகக் கிடைக்கிறது.

வடிவம் முன்கூட்டித் தெரியாத தகவல்களும் இருக்கும் என்பீர்கள். அதற்கு 2014-லிருந்து ஜேசன்பி என்ற வகை போஸ்ட்கிரெஸிலேயே உண்டு. மாங்கோவும் 2018-ன் நான்காம் பதிப்பில் பல ஆவணங்களுக்குச் சேர்த்து ஒரே பரிவர்த்தனை செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. சென்சார் பதிவு, விதவிதமான கேட்டலாக் போன்றவற்றுக்கு அது நன்றாகவே உழைக்கும். ஆனால் ஒரு தொழில் தன் முதல் டேட்டாபேஸாக எதை எடுப்பது என்றால் என் பதில் மாறாது.

கே: மைஎஸ்க்யூஎல் ஆரக்கிள் கையில் இருக்கிறதாமே. பயப்பட வேண்டுமா?
– கருமாரி அம்மன் கோயில் தெரு வாசகர்

ப: வேண்டாம். 1995-ல் அதை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ் தன் மகள் ‘மை’யின் பெயரை வைத்தார். 2008-ல் சன் நிறுவனம் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. அவர் அதற்குள் 2009-லேயே தனிக் கிளை தொடங்கி, இளைய மகள் மரியாவின் பெயரை வைத்துவிட்டார். அதுதான் மரியாடிபி. கோடு திறந்திருந்தால் கம்பெனி கை மாறினாலும் நம் கணக்கு கை மாறாது. விக்கிப்பீடியாவே 2013-ல் மரியாடிபிக்கு நகர்ந்தது.

கே: எஸ்க்யூலைட் சும்மா பழகிப் பார்க்கத்தானே?
– குமணன்சாவடி

ப: உங்கள் பாக்கெட்டில் இருக்கும் செல்போனுக்குள் அது பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் 2000-ல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் மென்பொருளுக்காக உருவாக்கியது. ஒரே ஃபைல், தனி சர்வர் வேண்டாம். ஒரு டாக்டர், ஒரு ரிசப்ஷன் உள்ள கிளினிக்குக்கு அது போதும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் எல்லை. பத்து கவுண்டரில் ஒரே சமயம் பில் போடுகிற கடைக்கு எடுக்காதீர்கள்.

கே: பட்டாபிராம் டைடல் பார்க்கில் இடம் எடுத்து ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறோம். பத்து லட்சம் பேர் வருவார்கள் என்று கணித்து, முப்பது மைக்ரோசர்வீஸ், மூன்று டேட்டாபேஸ், இரண்டு மொழி என்று திட்டம் போட்டிருக்கிறோம். சரியா?
– மூன்று நண்பர்கள்

ப: பத்து லட்சம் பேர் வரட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். முதல் பத்துப் பேர் வந்தார்களா? 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், ரூபி ஆன் ரெயில்ஸில் ஒற்றைச் செயலியாகவும் மைஎஸ்க்யூஎல்லாகவும்தான் வளர்ந்தது. தேவை வந்தபோது பிரித்தார்கள். 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலானார்கள். இன்ஸ்டாகிராமை 2012-ல் ஃபேஸ்புக் வாங்கும்போது அங்கே 13 ஊழியர்கள். அடியில் ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸும். மூன்று பேருக்கு ஒரு மொழி, ஒரு டேட்டாபேஸ். மிச்ச நேரத்தை வாடிக்கையாளர் வாசலில் செலவிடுங்கள்.

கே: சைட் மெதுவாக இருக்கிறது. கோ மொழிக்கு மாறினால் பறக்கும் என்கிறார்கள்.
– ஆன்லைன் கடை, மதுரவாயல்

ப: கோ நல்ல மொழி, ஜெரோதா போன்ற பங்கு வர்த்தக நிறுவனம் அதை நம்பி நடக்கிறது. ஆனால் டயரில் காற்று இல்லாததற்கு சைக்கிளையே மாற்றுவார்களா? முதலில் டேட்டாபேஸில் இண்டெக்ஸ் இருக்கிறதா பாருங்கள். இண்டெக்ஸ் இல்லாத டேபிளில் ஒரு செல் நம்பரைத் தேடுவது, புத்தகத்தின் கடைசிப் பக்கச் சொல்லடைவைக் கிழித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்து வருவதற்குச் சமம்.

அடுத்து, 50 ஆர்டர் காட்டும் பக்கம் எத்தனை முறை டேட்டாபேஸைக் கேட்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளர் பெயருக்கும் ஒன்று என்று 51 கேள்வி போயிருக்கும். ஒரே குவெரியில் முடிகிற வேலை அது. கடைக்கு ஒரு தடவை போய் ஐம்பது சாமானும் வாங்கி வருவதா, ஐம்பது நடை நடப்பதா?

கே: என்.டி.டி., எஸ்.டி.டி., கன்ட்ரோல்எஸ் என்று அம்பத்தூர் பக்கமே டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. சர்வர் பக்கத்திலேயே இருந்தால் வேகம்தானே?
– ரெட்டிப்பாளையம்

ப: கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நேர்கோட்டில் மும்பை இங்கிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். போய்வர குறைந்தது 10 மில்லி விநாடி, நடைமுறையில் அதைவிடக் கூடும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒருமுறை என்றால் அது தெரியவே தெரியாது. சர்வர் ஒரு ஊரிலும் டேட்டாபேஸ் வேறு ஊரிலும் இருந்தால்தான் ஆபத்து. நடைக்கு 25 மில்லி விநாடி என்று வைத்து 40 குவெரி போனால் ஒரு விநாடி காலி. இரண்டையும் ஒரே டேட்டா சென்டரில் வையுங்கள். ஊர் எது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கே: எங்கள் சைட்டின் தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி போட்டதும் ஏதோ எஸ்.க்யூ.எல். பிழை திரையில் வந்தது. சின்னப் பிழைதானே?
– டியூஷன் சென்டர், அம்பத்தூர் ஓ.டி.

ப: வாசல் கதவு திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். பயனர் அடித்ததை அப்படியே குவெரியில் ஒட்டியிருக்கிறார்கள். தெரிந்தவன் அதே பெட்டி வழியாக மாணவர்கள் பட்டியல் முழுவதையும் எடுத்துவிடுவான். இன்றே சரி செய்யச் சொல்லுங்கள். குவெரியையும் மதிப்பையும் பிரித்து அனுப்பும் ‘பிரிப்பேர்ட் ஸ்டேட்மெண்ட்’ நான் மேலே சொன்ன எல்லா மொழிகளிலும் இருக்கிறது. பாஸ்வேர்டுகளை அப்படியே சேமித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிகிரிப்ட் அல்லது ஆர்கான்2 கொண்டு ஹாஷ் செய்திருக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரும் செல் நம்பரும் பெற்றோர் உங்களிடம் நம்பி ஒப்படைத்தவை. 2023-ல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்தப் பொறுப்பை உங்கள் மேல்தான் வைக்கிறது.

கே: ஏ.ஐ.யே கோடு எழுதித் தருகிறது. இனி மொழித் தேர்வு எதற்கு?
– பருத்திப்பட்டு

ப: எழுதித் தருவதைப் படிக்கத் தெரிந்த மொழியைத் தேர்ந்தெடுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்ட பத்திரத்துக்கும் படிக்காமல் ஏற்றிய கோடுக்கும் வித்தியாசமில்லை.

கே: எனக்கு 46 வயது. 2002-ல் அண்ணா நகரில் ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமராக இருந்தேன். குழந்தைகளுக்காக வேலையை விட்டேன். இப்போது திரும்ப ஆசை. ஆனால் நான் படித்ததே இல்லாமல் போய்விட்டதே?
– இல்லத்தரசி, திருநின்றவூர்

ப: அம்மா, ஃபாக்ஸ்ப்ரோ போனது உண்மை. கடைசிப் பதிப்பு 2004-ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் ஆதரவை முழுவதும் நிறுத்தியது. ஆனால் டேபிள் என்றால் என்ன, இண்டெக்ஸ் ஏன் தேவை, இரண்டு டேபிளை எந்த நெடுவரிசையில் பிணைப்பது, ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை பதிவாகாமல் எப்படித் தடுப்பது, இதெல்லாம் எங்கும் போகவில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. இன்று கல்லூரியிலிருந்து வரும் பல பிள்ளைகளிடம் இல்லாதது அதுதான்.

போஸ்ட்கிரெஸை உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். பாதி உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். பிறகு பைத்தானும் ஜாங்கோவும் ஆறு மாதம். பழைய ஃபாக்ஸ்ப்ரோ ஃபைல்களை இன்றும் திறந்து படிக்கலாம். அவற்றை வைத்துக்கொண்டு எடுத்து எழுத ஆள் தேடும் சிறு தொழில்கள் உண்டு. அந்த ஃபைல்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்த ஆள் நீங்கள். மொழி போனது, கணக்கு நின்றது. நீங்களும் நிற்கிறீர்கள். தைரியமாக வாருங்கள்.

கே: 2023 டிசம்பர் புயலில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் வந்தபோது எங்கள் சர்வர் நனைந்தது. பேக்அப் ஹார்ட் டிஸ்க்கும் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. மூன்று வருடக் கணக்கு போயிற்று. இனி எந்த டேட்டாபேஸ் பாதுகாப்பானது?
– அச்சகம், அம்பத்தூர் எஸ்டேட்

ப: உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. அந்த மிக்ஜாம் புயல் எஸ்டேட்டில் எத்தனையோ பேரின் மெஷினை நனைத்தது. மெஷினை உலர்த்தி ஓட்டினார்கள். கணக்கை உலர்த்த முடியாது.

பாதுகாப்பு எந்த டேட்டாபேஸிலும் தானாக வராது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளையிட்டு முதன்மை டேட்டாபேஸையே அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பேக்அப் ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் போனபோது ஒன்றும் நம்பியபடி வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்ப வரவில்லை. அங்கே ஓடியது போஸ்ட்கிரெஸ். நான் மேலே சிபாரிசு செய்த அதே போஸ்ட்கிரெஸ்.

பேக்அப் என்பது விதைநெல். விதைநெல்லை உழவர் சமையலறையில் வைப்பதில்லை. தனியாக, உயரத்தில், ஈரம் படாமல் வைப்பார். அதுபோல மூன்று நகல் வையுங்கள்: ஒன்று சர்வரில், ஒன்று வேறு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில். விதைக்கு முன்னால் ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்றும் பார்ப்பார். அந்தச் சோதனையைத்தான் நாம் செய்வதில்லை. மாதம் ஒருமுறை பேக்அப்பை ஒரு காலி கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றி, நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்அப்.

எந்த மொழி, எந்த டேட்டாபேஸ் என்று எழுதிக் கேட்ட எல்லோருக்கும் என் வேண்டுகோள் இது ஒன்றே. தேர்வை அடுத்த வாரம் செய்யலாம். இன்று கடையைப் பூட்டுவதற்கு முன், இப்போது இருக்கும் கணக்கின் ஒரு நகலை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.